பஸ்ராவில் முகம் துடைத்தவர்

போன வாரம் நாம் எல்லாரும் டி.வி.யில் அந்த ராஜா படத்தைப் பார்த்துவிட்டுப் போட்ட சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரிடையரான சரித்திர வாத்தியார் எழுந்து நின்று, அந்த ராஜா அந்தக் கோட்டைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை, ராணி என்று காட்டினார்களே, அவள் பிறந்ததே இவர் செத்து எத்தனையோ காலம் கழித்து என்று கத்தினார். தபாலாபீசில் இருந்தவர், “சினிமான்னா உப்புக் காரம் சேர்க்கத்தான்யா செய்வாக” என்றார். இரண்டு பேருக்கும் ரத்தக் கொதிப்பு வேறு. எனக்கு அவர்களைப் பார்க்கவே பயமாக இருந்தது. நான் மட்டும் வாய் திறக்கவில்லை. “வாயாடிக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?” என்று நீங்கள் கேட்டீர்கள். அன்றைக்குச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் நியாயம் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு படத்தில் இருந்ததைக் கொஞ்சமே கொஞ்சம் மாற்றிச் சொல்லி ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயதைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முழுசையும் கேட்டுவிட்டு உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள்.

கம்பத்தில் எங்கள் வீடு பெரியாற்று வாய்க்காலை ஒட்டி இருந்தது. வீட்டில் அய்யா, அம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை அய்யாவுக்குத் தங்கை. கல்யாணமான மூன்றாம் மாதமே அவள் புருஷன் வெள்ளைக்காரனின் பெரிய சண்டைக்குப் போய்விட்டார். துப்பாக்கி பிடிக்க அல்ல. வண்டி மாடும் கோவேறு கழுதையும் ஓட்டத் தெரிந்த ஆட்களைச் சேர்த்தார்கள். மாமா அதில் கெட்டிக்காரர். கப்பலேற்றி, இராக்கில் இருக்கும் பஸ்ராவுக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து ஒரே ஒரு கடுதாசி வந்தது. அப்புறம், திரும்பி வந்த ஒரு ஆள் கையில் பேரீச்சம்பழம் அடைத்த ஒரு தகர டப்பா கொடுத்துவிட்டிருந்தார். சண்டை முடிந்தது, போனவர்களில் தப்பியவர்கள் வந்து சேர்ந்தார்கள். மாமா வரவில்லை. செத்தார் என்று காகிதமும் வரவில்லை.

நான் அவர் போனபிறகு பிறந்தவள். எனக்கு மாமா என்றால் அந்த டப்பாதான். மூடியில் ஒரு ஒட்டகமும் இரண்டு பேரீச்ச மரமும் இருக்கும். ஒட்டகத்தின் ஒரு கண் உரிந்து தகரம் தெரியும். உள்ளே அத்தை சீப்பும் ரிப்பனும் வைத்திருப்பாள். திறந்தால் தேங்காய் எண்ணெய் வாசனைக்கு அடியில் ஏதோ ஒரு இனிப்பு வாசனை கடைசி வரைக்கும் இருந்தது.

தினமும் காலையில் அத்தைதான் எனக்குத் தலை பின்னுவாள். பின்னும்போது மாமாவைப் பற்றிச் சொல்வாள். மூன்று மாதம் குடித்தனம் நடத்தியவளுக்குச் சொல்ல எவ்வளவு இருக்கும்? நாலே நாலு சங்கதிகள். அதையே வருஷக் கணக்கில் சொன்னாள்.

“உழுதுட்டு வந்து வரப்புல நின்னு தண்ணி குடிப்பாக. தோள்ல துண்டு கெடக்கும், அத எடுக்க மாட்டாக. மூஞ்சியத் திருப்பி எடது தோள்லயே தொடைச்சுக்கிருவாக. இந்தா, இப்படி” என்று தானும் முகத்தை இடது தோளில் தேய்த்துக் காட்டுவாள். சீப்பு தலையிலேயே நிற்கும்.

எங்கள் ஆட்களில் அறுத்துக் கட்டும் வழக்கம் உண்டு. புருஷன் போய் வெகுகாலம் தகவல் இல்லையென்றால், ஊர்ப் பெரியவர்கள் கூடி, தாலியைக் கழற்றி மாமனார் கையில் கொடுக்கச் சொல்லித் தீர்த்து விடுவார்கள். அப்புறம் அவள் வேறொருவரைக் கட்டிக்கொள்ளலாம். அதில் கேவலம் ஒன்றும் கிடையாது. சண்டை முடிந்து எட்டொன்பது வருஷம் ஆகியிருந்தது. வருசநாட்டிலிருந்து சந்தைக்கு மாடு வாங்க வந்த ஒருவர் அத்தையைக் கேட்டார். மனைவியை இழந்தவர், பிள்ளை கிடையாது. குட்டையாக, சத்தமில்லாமல் பேசுபவர். வரும்போதெல்லாம் மலைத்தேன் கொண்டு வருவார். என் கையில் ஒரு சொட்டு விட்டுவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுப்பார். நல்ல மனிதர். இதையும் சொல்லியாக வேண்டும், அவர் நல்ல மனிதர்.

அத்தையைக் கேட்டதற்கு, “ஒங்க இஷ்டம் மதினி” என்று பாத்திரம் விளக்கிக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள். அன்றைக்குக் கிழமை என்னவென்றுகூடப் பார்க்காமல் சீயக்காய் தேய்த்துக் குளித்தாள். வாய்க்கால் படியில் உட்கார்ந்து தலை உலர்த்தும்போது வாய்க்குள்ளேயே ஏதோ பாடினாள். அவள் பாடி நான் கேட்டதே அப்போதுதான். மாமனாரும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோவில் முன்னால் கூடித் தீர்த்துவிடுவதென்று முடிவானது.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், என்னைத் தவிர. வருசநாடு போக வண்டி கட்டினால் வழியில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். இனி யார் எனக்குத் தலை பின்னுவார்கள்? அம்மா பின்னினால் கண்ணில் தண்ணீர் வரும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் எனக்கு இருக்கவில்லை.

அந்த வாரம்தான் அறுப்பு முடிந்த வயலில் பயாஸ்கோப் கொட்டகை போட்டிருந்தார்கள். பேசும் படம் வராத காலம் அது. திரையில் ஆட்கள் வாயை வாயை அசைப்பார்கள். பக்கத்தில் கையில் நீளக் குச்சியோடு ஒருவர் நின்று கதை சொல்வார். இவர் மதுரைக்காரர். சட்டை போடுகிறாரோ இல்லையோ கோட்டுப் போடுவார். தொண்டை கட்டாமலிருக்கத் தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து காய்ச்சிய பால் வாங்கிக் குடிப்பார். வெள்ளிக்கிழமை காலையில், டம்ளரை ஊதிக்கொண்டே என்னைக் கேட்டார்.

“பாப்பா, ஒங்க ஊர்லருந்து சண்டைக்கு யாரும் போயிருக்காகளா?”

“எங்க மாமா போயிருக்காக. பஸ்ராவுக்கு. கழுதை ஓட்ட.”

“கழுதை ஓட்டவா!” என்று சிரித்தார். “போதும் பாப்பா. இன்னைக்குப் புதுப் படம், சண்டைப் படம். இத வச்சே அரை மணி நேரம் ஓட்டிருவேன்.”

“படத்துல எங்க மாமா வருவாகளா?”

“எனக்கென்ன தெரியும்? அதுல எழுதியிருக்கது இங்கிலீசு. படம் ஊமை, நாந்தான் அதுக்கு வாய். போடியில போடிக்காரம்பேன், கம்பத்துல கம்பத்துக்காரம்பேன். சனங்களுக்குத் தன் ஆளப் பாக்கணும். பாத்தாத்தான் மறுநாளும் வருவாக.”

ஆக, அவர் எப்படிக் கதை கட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். கொட்டகைக்குள் போகும் முன்பே தெரியும்.

அன்று பொழுது சாய்ந்ததும் அம்மாவும் நானும் போனோம். ஞாயிற்றுக்கிழமை தீர்த்துவிடப் போகிற நேரத்தில் வெளியே தலைகாட்டக் கூச்சப்பட்டு அத்தை வரவில்லை. பெண்கள் பக்கத்தில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள், அதையும் மீறி அறுத்த நெல் தாள் குத்தியது. பீடிப் புகையும் விளக்கின் கார்பைட் நாற்றமும் மல்லிகைப் பூவும் கலந்து அடித்தன. திரையில் மணல் வந்தது. அப்புறம் ஒட்டகம் வந்தது. எங்கள் டப்பா ஒட்டகமேதான்! தலைப்பாகை கட்டிய ஏழெட்டுப் பேர் ஒரு கிணற்றைச் சுற்றி நின்று தண்ணீர் குடித்தார்கள்.

“பாருங்க சனங்களே!” என்று கதைக்காரர் குச்சியால் தட்டினார். “பஸ்ராப் பாலைவனம்! தண்ணி குடிக்கிறது யாரு? நம்ம கம்பத்துச் சிங்கங்க! கழுதை ஓட்டப் போன காளைங்க!”

கொட்டகையே விசிலடித்தது. அப்போது அதில் ஒருவன் குடித்து முடித்து, முகத்தைத் திருப்பித் தோளில் துடைத்தான். வலது தோளில். நான் நன்றாகவே பார்த்தேன்.

எழுந்து நின்று கத்தினேன்: “மாமா! அந்தா எங்க மாமா! எடது தோள்ல தொடைக்காக!”

விசிலடித்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏ புள்ள, நீ அவுகளப் பாத்ததே இல்லையே?”

“எடது தோள்ல தொடைச்சாகம்மா. அத்தை சொல்லுமே, அப்படியே.”

அம்மா என் கையை விட்டுவிட்டாள். அந்தப் பழக்கம் அவளுக்கும் தெரியும். தாவணி போடாத சிறுமி இதைப் புனைவாள் என்று யாருக்குத் தோன்றும்? பொய்யில் ஒரே ஒரு நிஜத்தை வைத்துவிட்டால் போதும், மற்றதைப் பெரியவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அதை நான் அன்றைக்கே கற்றுக்கொண்டேன், சொல்ல நாக்கூசுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டாள். கேட்கக் கேட்கச் சொன்னேன். மெலிந்திருந்தாக. மீசை நரைக்கவில்லை. ஒட்டகத்தைத் தட்டிக் கொடுத்தாக. இதில் எதுவும் படத்தில் இல்லை. அத்தை என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இன்னொருக்கச் சொல்லு ஆத்தா” என்றாள்.

சனிக்கிழமை குடும்பமே போனது, மாமனாரும் வந்தார். கிணற்றுக் காட்சி கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். கிழவர், “எம் மகன்தான்! எம் மகன்தான்யா!” என்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பார்வை மங்கியவர், திரையில் யானை வந்திருந்தாலும் மகன் என்றுதான் சொல்லியிருப்பார். அத்தைக்குக் கண்ணில் நீர் கோத்து ஒன்றும் தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் அய்யா கதைக்காரரைப் பிடித்து, “நெசமாவே எங்க மாப்பிள்ளதானா?” என்று கேட்டார். சுற்றிலும் கூட்டம், மறுநாளைக்கும் வரப்போகிற கூட்டம். கதைக்காரர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “அதான் புள்ளையே சொல்லுதே” என்றார். அவர் கதைக்கு நான் சாட்சி, என் பொய்க்கு அவர் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோவில் முன்னால் கூடினார்கள். வருசநாட்டுக்காரர் புது வேட்டியில் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். சிலர் இதெல்லாம் கூத்து, நம்பக் கூடாது என்றார்கள். அதற்கு ஊர்ப் பெரியவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

“மனுசன் பொய் சொல்லுவான்யா, வாய் இருக்கு. ஊமை மெசினு எப்படிப் பொய் சொல்லும்? முன்னால நிக்கிறதத்தான காட்டும்?”

வேஷம் போட்டு நின்றால் வேஷத்தைத்தான் காட்டும் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாடகம் என்றால் நாடகம், அது மேடையில் நடக்கும். படம் என்றால் நடந்ததைப் பிடித்தது. அப்படித்தான் நினைத்தார்கள்.

பெரியவர் என்னைக் கூப்பிட்டார். தட்டில் சூடம் ஏற்றி வைத்தார்கள். சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால் அப்புறம் மறுபேச்சுக் கிடையாது. பொய்ச் சத்தியம் என்று தெரியவந்தால் அம்மன் கண்ணை வாங்கிவிடும்.

“ஆத்தா, பயப்படாம சொல்லு. எந்தத் தோள்ல தொடைச்சாக?”

“எடது தோள்ல.”

“சோத்தாங்கையால அணை.”

வலது கையை நீட்டி அணைத்தேன். உள்ளங்கை சுள்ளென்றது. அத்தை தாலியை முந்தானைக்குள் பொத்திப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயிரோடிருப்பவன் பெண்டாட்டியைத் தீர்த்துவிடுவது பாவம் என்று முடிவு சொல்லிவிட்டார்கள். வருசநாட்டுக்காரர் எழுந்தார். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “உசுரோட இருக்கவரு வீட்ல வந்து கேட்டது என் தப்புய்யா. மன்னிச்சுக்கங்க” என்று கும்பிட்டுவிட்டு வண்டியைப் பூட்டினார். கொண்டுவந்த தேன் குடுக்கையைக் கோவில் படியிலேயே விட்டுவிட்டுப் போனார். எறும்பு மொய்த்துக் கிடந்ததை அம்மா எடுத்துக் கழுவி வைத்தாள்.

அந்தப் படம் பத்து நாள் ஓடியது. அத்தை தினமும் போனாள். சில நாள் போன பிறகு, வந்ததும் ஒன்றும் பேசாமல் படுத்துக்கொண்டாள். ஏக்கம் என்று எல்லாரும் நினைத்தோம்.

கொட்டகையைப் பிரித்த அன்று காலையில் கதைக்காரர் கடைசிப் பாலைக் குடிக்க வந்தார். என்னை வாய்க்கால் பக்கம் கூட்டிப் போய், கோட்டுப் பையிலிருந்து ஒரு துண்டு பிலிமை எடுத்தார். கிணற்றுக் காட்சியில் அறுந்துபோன நாலு கட்டம்.

“வெயில்ல பிடிச்சுப் பாரு பாப்பா. கழுத்துக்குக் கீழ பாரு.”

பார்த்தேன். குனிந்து துடைப்பவனின் சட்டை கொஞ்சம் விலகியிருந்தது. முகமெல்லாம் கறுப்பு, காலருக்குள்ளே வெள்ளை வெளேர் என்று ஒரு கோடு.

“வெள்ளைக்காரன். மூஞ்சில கரியப் பூசித் தலைப்பாவைக் கட்டிவிட்டிருக்காக. அது பஸ்ராவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவுக தேசத்துலயே மணலக் கொட்டி எடுத்தது. வயித்துப் பொழைப்புக்கு நான் ஏதோ சொன்னேன். இப்படி ஆகும்னு நெனக்கல.” என் கைவிரல்களைப் பிலிமின் மேல் மடக்கிவிட்டார். “ஒங்க அத்தைக்கு முன்னால நிக்க எனக்குத் தெம்பில்ல. இத நீ காட்டிரு, தாயி. காட்டிருவியா?”

தலையை ஆட்டினேன். அவர் போனார். நான் பிலிமை வாய்க்காலில் விட்டேன். நிறைய தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. துண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மதகுக்குள் போய்விட்டது. அடிக்குப் பயந்து என்று சொல்லலாம். அம்மனுக்குப் பயந்து என்றும் சொல்லலாம். இரண்டும் உண்டு. ஆனால் அத்தை இனி எங்கும் போகமாட்டாள் என்ற சந்தோஷமும் இருந்தது. அதை எழுதும்போது இந்த வயதிலும் உடம்பு கூசுகிறது.

வீட்டுக்குள் போனேன். அத்தை டப்பாவைத் திறந்து, “வா, தலையப் பின்னிவிடுறேன்” என்றாள்.

எனக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும் அவள்தான் பின்னினாள். இடையில் ஒருமுறை மாட்டுச் சந்தைக்கு வருசநாட்டுக்காரர் வந்திருந்தார், வண்டியில் புது மனைவியும் கைப்பிள்ளையும். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். “புள்ள அவுக சாடைதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இரண்டாவது சண்டை நடந்த காலத்தில் நான் பிரசவத்துக்குக் கம்பம் வந்திருந்தேன். அப்போது பேசும் படம் வந்துவிட்டது. அத்தைக்குத் தலை பாதி நரைத்திருந்தது, கழுத்தில் அதே தாலி. பகல் ஆட்டத்துக்குப் போய் ஒரு ராஜா படம் பார்த்துவிட்டு வாய்க்கால் கரையில் நடந்து வந்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் மெதுவாக நடந்தேன்.

“ராசா வேசம் போட்டவருக்கு மீச ஒட்டு மீச. ஒரு ஓரம் பிஞ்சு நின்னுச்சு, பாத்தியா?” என்று அத்தை சிரித்தாள். கொஞ்ச தூரம் போனபின் சாதாரணமாகச் சொன்னாள்.

“அன்னைக்கு அந்தப் படத்துல தொடைச்சது வலது தோளு ஆத்தா.”

எனக்குக் கால் நின்றுவிட்டது.

“நீ சத்தியம் பண்ணின மறுநாளு கண்ணத் தொடைச்சுக்கிட்டு நல்லாப் பாத்தேன். அப்புறம் நாலு நாளும் பாத்தேன். வலதுதான். அவுக இல்ல அது.”

“ஏன் அத்தே சொல்லல? வருசநாட்டுக்காரவுக வண்டிக்குப் பின்னாலயே ஆள் அனுப்பியிருந்தா...”

“எப்படிச் சொல்ல? நீ சூடத்த அணைச்சிட்டயே. அது அவுக இல்லைன்னு நான் சபையில வந்து சொன்னா அது பொய்ச் சத்தியம்னு ஆகும். ஒங் கண்ணு என்னத்துக்கு ஆகும்? ஊரு உன்னைய எப்படிப் பேசும்?” என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். “நீ என்ன பண்ணுவ? எம் மேல இருந்த பாசத்துல ஒனக்கு மாமாவாத் தெரிஞ்சிருச்சு. எடது எது வலது எதுன்னு தெரியாத வயசு. பச்சப்புள்ள.”

வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், அவளும் நானும் தவிர அங்கே யாரும் இல்லை. “ஆமா அத்தே, சின்ன வயசுல” என்றேன். அதை அப்படியே நம்பித்தான் அவள் செத்தாள்.

எனக்கு இடது வலது நன்றாகத் தெரியும். சோத்தாங்கையால் அணை என்று பெரியவர் சொன்னபோது, ஒரு நொடிகூடத் தடுமாறாமல் சரியான கையைத்தான் நீட்டினேன்.